கிருமி போன பிறகும் வலி

கச்சிபௌலியில், ஹைதராபாத் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கும் டாக்டர் ரெட்டீஸ் உயிர் அறிவியல் நிறுவனத்தில் வரிக்குதிரை மீன்களை வைத்து ஆராய்ச்சி நடக்கிறது. வட இந்திய ஓடைகளிலும் வயல் வாய்க்கால்களிலும் இயல்பாக வாழும், விரல் நீளம்கூட இல்லாத மீன் இது. பிரான்சிஸ் ஹாமில்டன் 1822-இல் வெளியிட்ட கங்கை மீன்கள் பற்றிய நூலில்தான் அறிவியலுக்கு அறிமுகமானது. குஞ்சுப் பருவத்தில் இதன் உடல் கண்ணாடியாய்த் தெளிந்திருக்கும். உயிரோடு இருக்கும்போதே நரம்பையும், அதையொட்டி ஊர்ந்து திரியும் மேக்ரோபேஜ் என்ற நோயெதிர்ப்புச் செல்களையும் நுண்ணோக்கியில் பார்த்துவிடலாம்.

தொழுநோயின் நெடுநாள் புதிர் ஒன்று இந்த மீனால்தான் துலங்கியது. தொழுநோய்க் கிருமியே நேரடியாக நரம்பின் உறையைச் சிதைக்கிறது என்றொரு கருத்து வலுவாக இருந்தது. 2017-இல் கேம்பிரிட்ஜின் லலிதா ராமகிருஷ்ணனும் (சிதம்பரத்தில் பிறந்த நோபல் அறிஞர் வெங்கி ராமகிருஷ்ணனின் தங்கை) லாஸ் ஏஞ்சலிஸ் ஆய்வாளர்களும் மீன் குஞ்சுகளில் கண்டது வேறு. கிருமியின் மேலுறையிலுள்ள ஒரு கொழுப்புப் பொருள் மேக்ரோபேஜைத் தூண்டுகிறது. மேக்ரோபேஜ் நைட்ரிக் ஆக்சைடு வாயுவைச் சுரக்கிறது. அந்த வாயு, நரம்பிழைக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவைக் கெடுக்கிறது, உறையும் உரிகிறது. வாயுவைத் தடுத்தபோது நரம்பு தப்பியது. அடித்தது நம் உடலின் செல்லே!

இந்த மூர்க்கத்துக்குப் பின்னால் ஒரு எரிபொருள் கணக்கு இருக்கிறது. எலிகளின் மேக்ரோபேஜ்களில் அது தெளிவாகத் தெரிகிறது. சண்டைக்குத் தயாராகும் செல், சர்க்கரையை ஆக்சிஜனைப் பயன்படுத்தாமலே அவசர அவசரமாக உடைத்து ஆற்றல் எடுக்கிறது. ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தை நைட்ரிக் ஆக்சைடாக மாற்றுகிறது. காயத்தை ஆற்றும் செல்லோ மைட்டோகாண்ட்ரியாவை நம்பி நிதானமாக எரிக்கிறது. அதே ஆர்ஜினினைத் திசு வளர்க்கும் பொருளாக்குகிறது. என்னை வியக்க வைப்பது இனிமேல்தான்: தான் சுரந்த நைட்ரிக் ஆக்சைடு, அந்தச் சண்டைக்காரச் செல்லின் சொந்த மைட்டோகாண்ட்ரியாவையும் முடக்கிவிடுகிறது. அதனால் அது ஆற்றும் வேலைக்குத் திரும்ப முடியாமல் போகிறது.

நெதர்லாந்தின் உட்ரெக்ட் ஆய்வாளர்கள் 2022-இல் இதற்கு நேர்மாறான காட்சியைக் காட்டினார்கள். எலிகளில் அழற்சி வலி தணியும் சமயத்தில் மேக்ரோபேஜ்கள் முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளுக்குள் நுழைந்து, தங்கள் மைட்டோகாண்ட்ரியாவையே வலி உணரும் நரம்புகளுக்குக் கொடுக்கின்றன. அந்தக் கொடை நின்றால் வலி தீருவதில்லை. சண்டைக்காரச் செல்லின் கதையையும் இந்தக் கொடையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கையில், தன் மைட்டோகாண்ட்ரியாவை இழந்த செல் நரம்புக்கு எதைக் கொடுக்கும் என்ற கேள்வி எழாமல் இல்லை. தொழுநோயில் இதை யாராவது சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

ஏனென்றால் இது ஏட்டுப் பிரச்சினை அல்ல. 2023-இல் உலகில் கண்டறியப்பட்ட சுமார் 1.8 லட்சம் புதிய தொழுநோயாளிகளில் பாதிக்கு மேல் இந்தியர்கள். கூட்டு மருந்துச் சிகிச்சை கிருமியை ஒழித்துவிடுகிறது. ஆனால் மும்பையில் சிகிச்சை முடித்த 101 பேரிடம் நடத்தி 2011-இல் வெளியான ஆய்வில், 22 பேருக்கு நரம்பு வலி இருந்தது. தொட்டால் உணர்வில்லாத அதே கையில் இரவெல்லாம் எரிச்சல். மருந்து அட்டையை முடித்து அனுப்பும் நாளில், மரத்த இடத்தைச் சோதிப்பதோடு ‘வலிக்கிறதா?’ என்றும் கேட்டால், இவர்களுக்கு வேண்டிய வலி மருந்தை அன்றே தொடங்கிவிடலாம்.