சென்ட் மணக்குது... கழுத்து எரியுதா?

"ஒரிஜினல் நாலாயிரம் ரூபாய் சார். இது முந்நூறுதான். வாசனை அச்சு அசல் அதேதான்!"

கல்யாண சீசனில் கோவில்பட்டிக் கடைத்தெருவில் யாராவது மணிக்கட்டில் 'புஸ்' என்று அடித்துக் காட்டி இப்படிச் சொன்னால், மோந்து பாருங்கள். பல நேரம் உண்மையாகவே அதே வாசனைதான்! எப்படி?

ரகசியம் ஒன்றுமில்லை. 1988-ல் வந்த டேவிடாஃப் 'கூல் வாட்டர்' ஆண்கள் சென்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் குளுகுளு வாசனைக்கு முக்கியக் காரணம் டைஹைட்ரோமிர்சினால் என்ற செயற்கை மணப்பொருள். சோப்பிலும் சலவைத் தூளிலும்கூட சேர்க்கிற சாதாரணச் சரக்குதான் அது. ஒரு சென்ட்டில் என்னென்ன இருக்கிறது என்பதை கேஸ் குரோமட்டோகிராஃபி கருவி பெருமளவு பிரித்துச் சொல்லிவிடும். பிறகென்ன, அதே மாதிரி கலக்க வேண்டியதுதான்! ஆக, விலை குறைவு என்பதாலேயே ஒரு சென்ட் கெட்டதாகிவிடாது. வாசனை ஒத்துப்போவதாலேயே நல்லது என்றும் ஆகிவிடாது.

கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய ஊர்க்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும். வேறு ஊர்க்காரர் தன் பெயரைப் போட்டுக் கடலைமிட்டாய் விற்றால் அது அவர் வியாபாரம். 'கோவில்பட்டி' என்று பொய் லேபிள் ஒட்டினால்? மோசடி! சென்ட்டும் அப்படித்தான். சொந்தப் பெயர், முகவரியோடு வரும் மலிவு சென்ட்டைப் பரிசீலிக்கலாம். பெரிய கம்பெனியின் பெயரையே திருடி ஒட்டிய பாட்டிலை இலவசமாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். பெயரிலேயே பொய் சொன்னவர் உள்ளே எதை ஊற்றியிருப்பாரோ! எத்தில் ஆல்கஹாலுக்குப் பதில் மெத்தனால் இருந்தால் மூக்கு கண்டுபிடிக்காது. 2024-ல் கள்ளக்குறிச்சியில் அத்தனை உயிர்களைப் பறித்த அதே விஷம். குடித்தால்தான் அவ்வளவு ஆபத்து என்றாலும், தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் அது உடம்புக்குள் போகக்கூடியது.

அதனால் மோந்து பார்ப்பதற்கு முன்னால் அட்டையைப் படியுங்கள். தயாரிப்பாளர் முகவரி, லைசென்ஸ் எண், பேட்ச் எண், காலாவதி தேதி, என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற பட்டியல்... வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதியாளர் முகவரி, பதிவு எண். ஏதாவது ஒன்று இல்லையா? வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

அட்டை சரி. அடுத்து தோல். முழங்கை மடிப்பில் காலையும் மாலையும் ஒரு சொட்டு, ஒரு வாரத்துக்கு. அரிப்பு, சிவப்பு, கொப்புளம் வந்தால் நிறுத்திவிடுங்கள், அது உங்களுக்கு ஆகாது. (ஒரிஜினலும் சிலருக்கு ஆகாது என்பது வேறு விஷயம்!)

நம்ம கரிசல் வெயில் இதில் தனி வில்லன். சென்ட்டில் இருக்கும் லினலூல், லிமோனீன் போன்றவை காற்றுப் பட்டுப் பழசாகும்போது அலர்ஜியைக் கிளப்பும் பொருளாக மாறும். சூடு அதை வேகப்படுத்தும். எனவே வெயிலில் காய்ந்த தெருவோர பாட்டில் வேண்டாம். வாங்கியதையும் பைக் பெட்டியில் போட்டு வைக்காதீர்கள். சுத்திகரிக்காத பெர்கமாட் எண்ணெய் கலந்த சென்ட்டைக் கழுத்தில் அடித்துக்கொண்டு வெயிலில் போனால், அது வழிந்த தடத்திலேயே பழுப்புக் கோடு விழும். மறைய மாதக்கணக்கில் ஆகும். கழுத்தை விட்டுவிட்டு சட்டையில் அடிப்பது மேல். ஈரம் காயும்வரை அடுப்புப் பக்கம் போக வேண்டாம். ஆஸ்துமாக்காரர் இருக்கும் அறையில் அடிக்கவே கூடாது.

குழந்தை ஒரு வாய் குடித்துவிட்டதா? வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.