பிளாட்ஃபாரத்திலேயே நிறுத்தியிருக்க வேண்டிய வண்டி

2025 ஆகஸ்ட் 19 அன்று மும்பையில் பேய்மழை. ஹார்பர் லைன் லோக்கல் நின்றுபோனதும், செம்பூர்க்காரர்களுக்கு மிச்சமிருந்த வழி மோனோ ரயில்தான். வழக்கமாகக் காலியாக ஓடும் வண்டி என்று கேலி பேசப்பட்ட அதில், அன்று கால் வைக்க இடமில்லை. மாலை ஆறேகால் வாக்கில் மைசூர் காலனிக்கும் பக்தி பார்க்குக்கும் நடுவே, அந்தரத்தில் நின்றது. கரண்ட் போனது, ஏசி போனது. உள்ளே மூச்சு முட்டியது. தீயணைப்புப் படையினர் ஏணி வண்டிகளைக் கொண்டுவந்து 582 பேரை இறக்கி முடிக்க மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

வண்டியும் பயணிகளும் சேர்ந்து இருக்கக்கூடிய எடை 104 டன். அன்று மொத்த எடை ஏறக்குறைய 109 டன் என்றது மும்பைப் பெருநகர வட்டார வளர்ச்சி ஆணையமான எம்.எம்.ஆர்.டி.ஏ. பாரம் தாங்காமல், மின்சாரம் பாயும் தண்டவாளத்தோடு இருந்த தொடர்பு அறுந்துவிட்டதாம்.

சாதாரண ரயிலில் கோளாறு என்றால் பிரேக் போடுவதே பாதுகாப்பு. இறங்கித் தண்டவாளத்தோரம் நடந்துவிடலாம். மோனோவில் நின்ற பிறகுதான் ஆபத்தே ஆரம்பிக்கிறது. இறங்க இடம் கிடையாது. கீழே இருப்பது தூண்கள் மட்டும். ஆகவே ‘போதும், இத்தோடு நிறுத்து’ என்று சொல்ல வேண்டிய இடம் பிளாட்ஃபாரம்தான். நடுவழியில் கோளாறு தலைகாட்டினால், முடிந்தவரை அடுத்த ஸ்டேஷனுக்கு உருட்டிக்கொண்டு போவதே மேல். இயந்திரம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, இன்னும் எவ்வளவு தூரம் பாக்கி, இந்த இடத்தில் நின்றால் என்ன ஆகும் என்ற மூன்றையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

சரியான இடத்தில் நிறுத்தியதற்கு ஓர் உதாரணம்: 2019 ஜூலை 15 அன்று சந்திரயான்–2ஐ, புறப்பட 56 நிமிடம் இருக்கையில் இஸ்ரோ நிறுத்தியது. நாடே விழித்துக்கொண்டு பார்த்த நள்ளிரவு அது. ஆனாலும் ராக்கெட் தரையில்தானே இருந்தது! கோளாறைச் சரிசெய்து ஜூலை 22 அன்று ஏவினார்கள். மானம் போனதாக யாரும் சொல்லவில்லை.

மோனோவின் கதையில் எச்சரிக்கைக்குப் பஞ்சமே இல்லை. 2014 பிப்ரவரியில் செம்பூர்–வடாலா இடையே ஓடத் தொடங்கியது. 2017 நவம்பர் 9 விடியற்காலையில் மைசூர் காலனி ஸ்டேஷனில் இரண்டு பெட்டிகள் எரிந்தன; நல்லவேளை, ஆள் இல்லாத வண்டி. அதன்பின் பத்து மாதம் சேவையே இல்லை. மலேசியாவின் ஸ்கோமியும் எல் அண்ட் டியும் சேர்ந்து எடுத்திருந்த ஒப்பந்தம் 2018 டிசம்பரில் ரத்தாயிற்று. வண்டிகளைச் செய்த ஸ்கோமியே விலகிய பிறகு உதிரி பாகங்களுக்கு எங்கே போவது? அப்படியிருந்தும் 2019 மார்ச்சில் ஜேக்கப் சர்க்கிள் வரை பாதையை நீட்டினார்கள். எனக்கு இன்றுவரை விளங்காத தைரியம் இது.

ஆகஸ்ட் கூத்துக்குப் பிறகும் ஒரு மாதம் ஓட்டினார்கள். செப்டம்பர் 15 காலையில் வடாலா பக்கம் மறுபடி நின்றது, இம்முறை 17 பேரோடு. கூட்டத்தின் மேல் பழியைப் போட வழியில்லை. செப்டம்பர் 20 முதல், புது வண்டிகளும் புது சிக்னல் முறையும் வரும்வரை சேவையையே நிறுத்திவிட்டார்கள். நவம்பர் 5 அன்று வடாலாவில் சோதனை ஓட்டத்தின்போது புது வண்டி ஒன்று சாய்ந்தது. அதில் பயணிகள் இல்லை.