யாரும் இழுக்கவில்லை, தள்ளவில்லை... உருண்டைத் தவளைக் கரு நீள்வது எப்படி?

கருவுற்ற தவளை முட்டை, முதல் சில மணி நேரத்துக்கு வெறும் உருண்டைதான். தலை, வால் எதுவும் கிடையாது. ஆய்வகங்களில் அதிகம் வளர்க்கப்படும் ஆப்பிரிக்க நகத் தவளையில் அதன் விட்டம் ஒரு மில்லிமீட்டரைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ஒரு நாள் கழித்துப் பாருங்கள்: முன், பின், முதுகு, வயிறு எல்லாம் தெரிகிற நீளமான கரு! இத்தனைக்கும் அது வெளியிலிருந்து எதையும் சாப்பிடவில்லை. இருக்கிற செல்களே இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன.

சுமார் 10 மணி நேரத்தில் உருண்டையின் ஒரு பக்கத்தில் சின்னக் குழி விழுகிறது. அங்குள்ள செல்கள் பாட்டில் மாதிரி கழுத்துக் குறுகுவதுதான் அதற்குக் காரணம். பிறகு அந்தக் குழியின் விளிம்பு வழியாகச் செல் கூட்டம் சுருண்டு உள்ளே போகிறது, சட்டைக் கையை உள்பக்கமாக மடிப்பதுபோல. உள்ளே போனவை தசை, எலும்பு, குடல் ஆகும். வெளியே பரவி மூடியவை தோலும் நரம்பு மண்டலமும் ஆகும்.

உண்மையான ஆச்சரியம் அடுத்துதான். ஆறு பேர் அகலத்தில் நிற்கிற கூட்டத்தில், ஒவ்வொருவரும் பக்கத்து இடுக்கில் நுழைந்து இரண்டு பேர் அகலமாக மாறினால்? வரிசை மூன்று மடங்கு நீளும், புதிதாக ஒருத்தர்கூட சேராமலே. முதுகுப் பக்கச் செல்கள் செய்வதும் இதேதான். ஆனால் முன்னால் கவுன்ட்டர் எதுவும் இல்லை. ஒவ்வொரு செல்லும் இடமும் வலமும் கை நீட்டி, பக்கத்துச் செல்லைப் பிடித்து இழுத்துக்கொள்கிறது. 1980-களில் ரே கெல்லரும் சக ஆய்வாளர்களும் இந்தத் திசுவை வெட்டித் தனியாகக் கண்ணாடித் தட்டில் வைத்தார்கள். அங்கேயும் அது தானாகவே நீண்டது!

சரி, நமக்கு என்ன?

எந்தப் பக்கம் கை நீட்டுவது என்று செல்லுக்குச் சொல்லும் புரதங்களில் ஒன்று டிஷெவல்டு. ஜான் வாலிங்ஃபோர்டும் ரிச்சர்ட் ஹார்லாந்தும் 2002-ல் தவளைக் கருவில் அதன் வேலையைக் கெடுத்துப் பார்த்தார்கள். நரம்புத் தகடு குறுகவே இல்லை. அதன் இரு ஓரங்களும் மடிந்து எழுந்தன, ஆனால் இடைவெளி அதிகம் என்பதால் ஒன்றையொன்று தொட முடியவில்லை. குழாய் திறந்தே கிடந்தது.

மனிதக் கருவிலும் மூளையும் தண்டுவடமும் இப்படி ஒரு குழாயாகத்தான் தொடங்குகின்றன. அது சரியாக மூடாவிட்டால் ஸ்பைனா பிஃபிடா போன்ற பிறவிக் குறைகள் வரும். இப்படிப் பாதிக்கப்பட்ட சிலரிடம், இதே புரதக் குழுவைச் சேர்ந்த மரபணுக்களில் மாற்றங்கள் கண்டறியப்பட்டுள்ளன.

சிக்கல் என்னவென்றால், இந்தக் குழாய் கருத்தரித்த 28 நாட்களுக்குள் மூடிவிட வேண்டும். பீரியட்ஸ் தள்ளிப்போய், டெஸ்ட் பண்ணி, ஸ்கேனுக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்குவதற்குள் பெரும்பாலும் எல்லாம் முடிந்திருக்கும். அதனால்தான் குழந்தைக்குத் திட்டமிடும்போதே தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட் எடுக்கச் சொல்கிறார்கள். இந்தக் குறைகள் எல்லாவற்றையும் அது தடுக்காது, ஆனால் பெரும் பகுதியைத் தடுக்கும். ஏற்கெனவே இந்தக் குறையோடு ஒரு குழந்தை பிறந்திருந்தால் அளவு பல மடங்கு கூடும். அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.