குடிபானங்களில் ஓமோன் குழப்பும் இரசாயனங்கள்: சோதனையில் ஒரு புதிய வழி

பெண்பால் ஓமோனாகிய ஈஸ்திரோஜனைப் போல உடலில் செயற்படக்கூடிய பிஸ்பினோல் ஏ என்னும் இரசாயனம், கடினமான ஒளிபுகும் பிளாஸ்டிக் போத்தல்களிலும் மென்பானத் தகரப் பேணிகளின் உட்பூச்சிலும் நெடுங்காலம் பயன்பட்டு வந்துள்ளது. குழந்தைகளுக்குப் பாலூட்டும் போத்தல்களில் இது 2011 இல் தடைசெய்யப்பட்டது. 2023 இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை, ஒருவர் நாளொன்றுக்கு உட்கொள்ளத்தகும் அளவை உடல் எடையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 0.2 நனோகிராம் எனக் குறைத்தது. முன்னைய வரம்பில் இது 20,000 இல் ஒரு பங்கே.

இத்துணைச் சிறிய அளவைக் கண்டறிவது எளிதன்று. பானத்திலுள்ள சர்க்கரையும் நிறமூட்டியும் அதனை மறைத்துவிடும். ஆகவே தேடப்படும் பொருளை முதலில் ஒரு கரைப்பானுக்குள் பிரித்தெடுத்துச் செறிவாக்குதல் வேண்டும். இதற்குக் குளோரோபோம் போன்றவை பயன்பட்டமையால், நஞ்சைத் தேடிய ஆய்வுகூடமே நச்சுக் கழிவையும் உண்டாக்கியது.

2003 இல் லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் அன்ட்ரூ அபொட் குழுவினர் வேறொரு வழியைக் காட்டினர். 302 பாகை செல்சியசில் உருகும் கோலின் குளோரைட்டையும் 133 பாகையில் உருகும் யூரியாவையும் தக்க விகிதத்திற் கலந்தால், கலவை 12 பாகையிலேயே திரவமாகிவிடும். அது நீரிற் கரைவதால் பானச் சோதனைக்கு நேரே உதவாது. நீருடன் கலவாத கலவைகள் பின்னரே வந்தன. தலைவலித் தைலத்தின் மெந்தோலும், ஓமத்தின் மணத்துக்குக் காரணமான தைமோலும் அவற்றுட் சில. திண்மங்களான இவ்விரண்டும் சேர்ந்தால் எண்ணெய் போன்ற திரவமாகும். அதில் சில துளிகளைப் பானத்தில் இட்டுக் குலுக்கினால், பிஸ்பினோல் அத்துளிகளுக்குள் சென்றுவிடும். வேகமாகச் சுழற்றிப் பிரித்தபின் அத்துளியே பகுப்பாய்வுக் கருவிக்குச் செல்கிறது. ஓமத்தண்ணீர் குடித்தால் உடலிலுள்ள இரசாயனம் நீங்கும் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது.

இச்சோதனை வீட்டிற் செய்யத்தக்கதன்று. அடியில் 7 என்ற எண்ணும் ‘பிசி’ என்ற எழுத்துகளும் உள்ள பழைய போத்தல்களில் சூடான பானம் ஊற்றாதிருப்பதே வீட்டார் செய்யக்கூடியது. சூடு ஏற ஏற இரசாயனக் கசிவும் கூடும்.

கடையில் வாங்கிய பானத்தில் ஐயம் எழுந்தால், அதனைத் திறவாமல் பற்றுச்சீட்டுடன் வைத்து நகரசபையின் உணவுப் பாதுகாப்புப் பிரிவுக்கு அறிவிக்கலாம். இங்கிலாந்தில் அதிகாரி சட்டப்படி எடுக்கும் மாதிரி பொதுவாக மூன்றாகப் பிரிக்கப்படும். ஒன்று வணிகருக்கும் மற்றொன்று பொதுப் பகுப்பாய்வாளருக்கும் செல்லும். மூன்றாவது முத்திரையிட்டு வைக்கப்படும். முடிவுகள் முரண்பட்டால் அதனை அரச இரசாயனவியலாளர் ஆராய்வார்.