காரணம் தெரியாமல் நிற்கும் கம்ப்யூட்டர்

பில் போடும்போது கம்ப்யூட்டர் தானாக நிற்கிறது. இன்று ஒரு பிழை, நாளை வேறொன்று. உடனே சாப்ட்வேர்காரரைக் கோபிக்கிறோம். ஒரே வேலையில் ஒரே பிழை வந்தால் பெரும்பாலும் சாப்ட்வேர்தான். மாறி மாறி வந்தால் இயந்திரத்தைச் சோதிக்க வேண்டும். படிக்கல் தவறாயிருக்கக் கணக்குப்பிள்ளையைக் குறை சொல்லலாமா?

முதலில் இருப்பு, பற்று வரவுக் கணக்குகளைத் தனியாக நகலெடுப்போம். பழைய நகலின் மேல் பதியக் கூடாது. புதியதில் பிழை புகுந்திருக்கலாம்.

பிறகு ஒவ்வொன்றாகப் பார்ப்போம்:

1. சூடு: மாவு, மிளகாய்த் தூசு விசிறியை அடைக்கும். காலையில் ஓடி மதியம் நின்றால் இதைச் சந்தேகிக்கலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சுத்தம் செய்வோம்.

2. மெமரி: விண்டோஸிலேயே மெமரி சோதனை உண்டு. மெம்டெஸ்ட்86 என்பதையும் இரவு முழுதும் ஓடவிடலாம். பிழை காட்டினால் மெமரிப் பலகைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பழுதானதைக் கண்டுபிடித்து மாற்ற வேண்டும்.

3. மின்சாரம்: பிரிட்ஜ் ஓடத் தொடங்கும்போது நின்றால் யு.பி.எஸ். பேட்டரி, எர்த் இரண்டையும் பார்க்கச் சொல்வோம். பவர் சப்ளைப் பெட்டியை நாம் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

4. தேதி: பில்லில் தேதி பின்னால் போனால் உள்ளிருக்கும் 3 வோல்ட் பொத்தான் பேட்டரி தீர்ந்திருக்கும்.

ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது பழுது என்று தெரியாது. நல்ல பொருளுக்கும் பணம் கொடுப்போம்.