அடுக்களையில் ஒரு மூளைப் பரீட்சை

1928 டிசம்பரில், கனடாவின் மான்ட்ரியால் நகரில், வைல்டர் பென்பீல்டு என்ற மூளை ரணசிகிச்சை நிபுணர், தம் உடன்பிறந்த சகோதரியின் வலப்புற முன்மூளையில் வளர்ந்திருந்த கட்டியை, அம்மூளைப் பாகத்தின் பெரும்பகுதியோடு சேர்த்து அகற்றினார். பிழைத்தெழுந்த அந்த அம்மையாரின் பேச்சிலோ பண்பிலோ பெரிய குறை தோன்றவில்லை. ஆனால் சுமார் 15 மாதங்களுக்குப் பின், ஒரு விருந்தாளிக்கும் வீட்டார் நால்வருக்குமாக எளிய இராச்சாப்பாடு ஒன்றைச் சமைக்க முனைந்து, பகல் முழுவதும் அவகாசமிருந்தும், பண்டங்களெல்லாம் எதிரே இருக்க, ஒன்றிரண்டு மட்டும் அடுப்பேறியிருக்க, பச்சைக் காய்கறிக் கலவை ஆயத்தமாகாமலும் இறைச்சியில் கைவைக்காமலும், தனியே போராடிய அயர்ச்சியில் அவர் கலங்கி நின்றார். சமையல் அவருக்கு மறந்துவிடவில்லை; எதை முன்னே ஏற்றுவது, எதைப் பின்னே இறக்குவது என்ற கிரமந்தான் தப்பிப் போயிற்று. 1935-இல் பென்பீல்டு இதை வைத்திய உலகுக்கு எழுதி வெளியிட்டார்.

இதே காரியத்தை, 2006-இல், பெர்கஸ் கிரெய்க், எலன் பியாலிஸ்டாக் என்ற கனடிய மனோதத்துவ அறிஞர் இருவர் கணினித் திரையில் பரீட்சையாக்கினர்: வேகும் நேரம் வெவ்வேறான காலைச் சிற்றுண்டிகளெல்லாம் ஒரே சமயத்தில் பதமாகி இறங்கவேண்டும், நடுவே மேஜையில் தட்டுகளும் பரப்பவேண்டும். இளைஞரைவிட முதியோர் இதில் தடுமாறினர். வீட்டுவேலைக்குப் புத்தி எதற்கு என்று கேட்பவர் (பெரும்பாலும் அடுப்பண்டை போகாத ஆடவர்) இப்பரீட்சைக்கு ஒருமுறை உட்காரலாம்.

வீட்டுவேலைக்கு மூளை வேண்டுமென்றால், வீட்டுவேலை மூளைக்கு வலுவூட்டுமா என்ற கேள்வியும் எழுகிறது. சிங்கப்பூரின் யீஷுன் வட்டாரத்தில் 21 முதல் 90 வயது வரையுள்ள 489 பேரைச் சோதித்து 2021-இல் வெளியான ஆராய்ச்சியில், 65 வயதைக் கடந்தவர்களுள், தரை கழுவுதல், ஜன்னல் துடைத்தல் போன்ற கடின வேலைகளை மிகுதியாகச் செய்தோரின் அவதான சக்தி, குறைவாகச் செய்தோரைவிட 14 சதவீதம் மேம்பட்டிருந்தது. சமையல், துணி உலர்த்தல் போன்ற இலேசான வேலைகளில் மிகுதியாக ஈடுபட்டோருக்குக் குறுகியகால ஞாபகம் 12 சதவீதம் கூடுதலாயிருந்தது. இளையோரிடம் இத்தொடர்பு காணப்படவில்லை. ஆயினும், ஒரே காலத்தில் எடுத்த கணக்கைக் கொண்டு துடைப்பத்தை மருந்தென்று கூறுவது அவசரம். மூளை தளர்ந்தவர் வேலையை விட்டிருக்கவும் கூடும் என்பதற்கு அந்த மான்ட்ரியால் அடுக்களையே சாட்சி.

தளர்ச்சி வேலையைக் குறைக்கிறதா என்ற இந்தத் திசையில் அறிஞர்கள் முன்பே வினவியிருந்தனர். 1969-இல் லாட்டன், பிராடி என்ற இரு அமெரிக்க அறிஞர் வகுத்த அளவுகோல், சமையல், சலவை, கடைக்குப் போதல், பணக்கணக்கு முதலிய எட்டுக் காரியங்களைக் கொண்டு முதியோரின் சுயநிர்வாகத் திறனை மதிப்பிடுகிறது. அக்காலத்தில் பெண்களுக்கு எட்டுக்கும் மதிப்பெண் உண்டு; ஆண்களுக்கோ சமையல், வீடு பேணல், சலவை மூன்றையும் நீக்கி, ஐந்தோடு நிறுத்திக்கொண்டார்கள்.