ஒரே ஒரு எழுத்துப் பிழை!

எக்ஸாம்ல ஒரு எழுத்து தப்பா எழுதினா என்ன ஆகும்? மிஞ்சிப்போனா அரை மார்க் காலி. ஆனா, நம்ம டி.என்.ஏ.வுல ஒரு எழுத்து மாறினா, சில சமயம் உயிருக்கே உலை வெச்சிடும்!

ஏ, டி, ஜி, சி... டி.என்.ஏ.வுக்கு இந்த 4 எழுத்துதான். மூணு மூணு எழுத்தா படிச்சுத்தான் செல் புரதம் தயாரிக்கிறது. பீட்டா குளோபின் ஜீன்ல ஒரு இடத்தில் 'ஜி.ஏ.ஜி.' இருக்கணும். அது 'ஜி.டி.ஜி.' ஆனால், உருண்டையான சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்து ரத்தக்குழாயை அடைக்கும். தாங்க முடியாத வலி! இதுதான் சிக்கிள் செல் அனீமியா. இந்தியாவில் இது முதலில் கண்டறியப்பட்டது நம்ம நீலகிரி பழங்குடி மக்களிடம், 1952-ல்.

இப்போ ட்விஸ்ட்! அம்மா வயித்துல இருக்கும்போது நமக்கு வேலை பார்ப்பது காமா குளோபின் ஜீன். அதுல இந்தப் பிழை கிடையாது. பிறந்த சில மாதங்களில், பி.சி.எல்.11ஏ என்ற இன்னொரு ஜீன் அதை அடக்கிடும். ஜீன் இருக்கும், வேலை செய்யாது. எந்த ஜீன் எப்போ வேலை செய்யணும் என்பதுதான் ஜீன் எக்ஸ்பிரஷன்.

2023-ல் அங்கீகாரம் பெற்ற 'காஸ்கெவி' சிகிச்சை, பிழையைத் திருத்துவதில்லை. அடக்குறவனை அடக்கி, பழைய ஜீனை எழுப்பி விடுது! அமெரிக்காவில் விலை? 22 லட்சம் டாலர்!

அவ்வளவு பணத்துக்கு எங்கே போறது? பிழை ஜீன் ஒன்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் வெளியே தெரியாது. அப்படி இருவர் கல்யாணம் செய்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் 25 சதவிகிதம் ஆபத்து. குடும்பத்துல யாருக்காவது இந்த நோய் இருக்கா? ஜாதகத்துக்கு முன்னாடி ரத்தத்தைப் பாருங்க பாஸ்!